மரம் மாறினால் பறவையும் மாறும்

கேள்வி: சிங்கப்பூரின் புக்கிட் தீமா காட்டில் பல ஆண்டுகளாக நடந்து வருகிறேன். ஜூன் பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு மலேசியாவின் பிரேசர் மலைக்குப் போகிறோம். செங்குத்தான மலைக்காட்டில் பறவைகளையும் மரங்களையும் எப்படிப் பார்ப்பது?
- வாசகி, ஈசூன்

பதில்: உங்களுக்குப் பழகிய காட்டிலிருந்தே தொடங்குவோம். புக்கிட் தீமாவின் உச்சி 164 மீட்டர்தான் என்றாலும், அங்கே ஓங்கி நிற்கும் செராயா மரம் மலேசிய மலை முகடுகளிலும் வளர்கிறது. மலைப்பாதையின் தாழ்ந்த பகுதியில், எதிர் முகட்டில் சாம்பல் படிந்த பச்சை நிறத்தில் மரத்தலைகள் வரிசையாகத் தெரிந்தால், அவை பெரும்பாலும் செராயாவாகவே இருக்கும். ஏறக்குறைய 1,300 மீட்டர் உயரத்திலுள்ள ஊரை அடையும்போது அவை மறைந்து, கருவாலி மரங்களும் இலவங்கக் குடும்பத்து மரங்களும் மரப்பெரணிகளும் சூழ, கிளைகளில் பாசி அடர்ந்திருக்கும். மரம் மாறியதைக் கவனித்தவர்களுக்குப் பறவைகள் மாறுவது வியப்பளிக்காது. புக்கிட் தீமாவில் பார்க்கும் துடுப்புவால் கரிச்சானுக்குப் பதிலாக அதன் சிறிய உறவினத்தை அங்கே காண்பீர்கள்.

சரிவைக் கண்டு தயங்க வேண்டாம். பார்ப்பவருக்கு அதுவே பெரிய உதவி. சமவெளியில் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்க வேண்டிய மர உச்சி, பள்ளம் இறங்கும் சாலையோரத்தில் நின்றால் கண்ணுக்கு நேராக வந்துவிடும். காலை ஏழரை மணி வாக்கில் அப்படியோர் இடத்தில் அசையாமல் நில்லுங்கள். நெடுநேரம் ஒன்றும் வராது; பிறகு பல இனப் பறவைகள் ஒரே கூட்டமாக வந்து, சில நிமிடங்களில் கடந்துவிடும். அந்தச் சில நிமிடங்களில் எது எங்கே இரை தேடுகிறது என்று பாருங்கள்: ஒன்று பட்டையைக் கொத்தும், மற்றொன்று இலையின் அடிப்புறத்தைத் துழாவும், கலைந்து பறக்கும் பூச்சிகளைக் கரிச்சான் காற்றிலேயே பிடிக்கும். கருந்தலையும், கன்னத்தில் வெள்ளித் திட்டும், மஞ்சள் அலகும், சிறகில் சிவப்பும் கொண்ட வெள்ளிக்காது மெசியா தாழ்ந்த புதர்களுக்கே வரும் என்பதால், பிள்ளைகளுக்கு முதலில் அதைக் காட்டுங்கள்.

கேள்வி: கைப்பேசியில் பறவையின் குரலை ஒலிக்கவிட்டு அதை வரவழைக்கலாமா?
- வாசகர், ஜூரோங்

பதில்: வேண்டாம். தன் எல்லைக்குள் எதிரி நுழைந்துவிட்டதாக எண்ணி, இரை தேடுவதையும் குஞ்சுகளையும் விட்டுவிட்டுத்தான் அது வருகிறது.