'தௌ' என்பது மரியாதைச் சொல்லா?

அன்புள்ள ஐயா,

கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படிக்கிறேன். 'தௌ' என்ற பழைய ஆங்கிலச் சொல் கடவுளையும் அரசரையும் அழைக்கும் உயர்ந்த மரியாதைச் சொல் என்று வகுப்பில் கேட்டேன். அது எங்கிருந்து வந்தது? சமஸ்கிருத 'த்வம்'தான் மூலமா? கடைப் பலகைகளில் 'யீ ஓல்ட்' என்று வருகிறதே, அந்த 'யீ'யும் இதோடு சேர்ந்ததா? கல்லூரி மலருக்கு ஓர் ஆங்கிலக் கவிதை எழுதுகிறேன். கம்பீரத்துக்காக 'யூ' வரும் இடத்திலெல்லாம் 'தௌ' போடலாமா?

வி.

அன்புள்ள வி.,

கம்பீரத்துக்காக எந்தச் சொல்லையும் போடாதீர்கள். இலக்கியம் படிக்கிற பிள்ளை ஒரு நல்ல அகராதியைப் புரட்டிவிட்டு அல்லவா எழுத உட்கார வேண்டும்? ஆனாலும் உங்கள் கடிதம் வந்ததில் எனக்குச் சந்தோஷம். கொஞ்ச நாளாக இந்தச் சொல்தான் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது.

'த்வம்' மூலம் அல்ல. லத்தீன் 'டூ', ஜெர்மன் 'டு', 'தௌ' எல்லாம் அதோடு கூடப் பிறந்தவை. கடைப் பலகையில் இருப்பது வெறும் 'தி'. அதற்கான பழைய எழுத்து அச்சில் இல்லாமல் போனதால் 'ஒய்' போட்டார்கள். இந்த இரண்டும் இத்தோடு போதும்.

'தௌ' என்றால் நீ. பழைய ஆங்கிலத்தில் ஒருவரை அழைக்க அது. பலரை அழைக்க 'யீ'. இன்றைய 'யூ' அந்தப் பன்மையிலிருந்து வந்தது. 1066இல் பிரெஞ்சு பேசிய நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். பிரெஞ்சுப் பழக்கம் மெல்ல ஊறி, 13ஆம் நூற்றாண்டு தொடங்கிப் பெரியவர்களைப் பன்மையில் அழைப்பது வழக்கமாயிற்று. பிள்ளைகள், வேலைக்காரர்கள், நெருங்கியவர்கள் 'தௌ'வில் தங்கிவிட்டார்கள். 1603இல் கடலோடி வால்டர் ராலேமீது தேசத்துரோக வழக்கு நடந்தபோது, அரசு வழக்கறிஞர் எட்வர்ட் கோக், 'உன்னைத் தௌ என்றே சொல்வேன், துரோகியே' என்று முகத்துக்கு நேரே சொன்னார். மரியாதைச் சொல்லை வைத்து யாராவது திட்டுவார்களா?

கடவுளுக்கு எப்படி வந்தது? வில்லியம் டின்டேல் 1526இல் புதிய ஏற்பாட்டை ஆங்கிலத்தில் கொண்டுவந்தபோது, கிரேக்க மூலத்தில் ஒருமை இருந்த இடத்தில் 'தௌ' போட்டார். 1611இல் வந்த கிங் ஜேம்ஸ் பைபிளும் அதே வழி. அதில் கடவுளுக்கும் சாத்தானுக்கும் ஒரே ஒருமைதான். பேச்சில் அந்தச் சொல் தேய்ந்து ஜெபத்தில் மட்டும் மிஞ்சியதால், பின்னால் வந்தவர்கள் அதற்குப் புனிதம் ஏற்றிவிட்டார்கள். நமக்குக் கூடுதலாக ஒரு குழப்பம்: தமிழில் அதே ஜெபம் 'உம்முடைய நாமம் பரிசுத்தப்படுவதாக' என்று வருகிறது. அந்த 'உம்முடைய' தமிழ் கொடுத்த மரியாதை. ஆங்கிலத்தில் அங்கே இருப்பது 'உன்'.

இனி நான் சொல்ல நினைத்தது. 1650களில் இங்கிலாந்தில் ஜார்ஜ் ஃபாக்ஸும், அவர் தொடங்கிய கிறிஸ்தவப் பிரிவான குவேக்கர்களும் ஏழை, பணக்காரர் பார்க்காமல் எல்லோரையும் 'தௌ' என்றே அழைத்தார்கள். நீதிபதி முன்னாலும் மரியாதைக்காகத் தொப்பியைக் கழற்ற மறுத்தார்கள். அடி வாங்கினார்கள், சிறைக்குப் போனார்கள். ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரில் தாமஸ் எல்வுட் என்ற இளைஞர் அவர்களோடு சேர்ந்தார். பின்னாளில், பார்வை போன கவிஞர் மில்டனுக்குப் புத்தகம் வாசித்துக் காட்டியவர் அவர்தான். எல்வுட்டின் அப்பா உள்ளூர் நீதிபதி. மகன் தன்னை 'தௌ' என்றதும், 'இன்னொரு தரம் சொன்னால் பல்லைத் தட்டித் தொண்டைக்குள் இறக்கிவிடுவேன்' என்றார். மகனின் தொப்பிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி வைத்துக்கொண்டார். எல்வுட்டே இதையெல்லாம் எழுதி வைத்திருக்கிறார்.

அதைப் படித்ததும் நான் வேலை பார்த்த ஓர் அலுவலகம் நினைவுக்கு வந்தது. ஓய்வு பெறும் வயதை நெருங்கிய கடைநிலை ஊழியர் ஒருவர் அங்கே இருந்தார். எல்லோருக்கும் அவர் 'நீ', 'வா', 'போ'தான். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் அவரிடம், 'இந்த ஃபைலை மேலே கொடுத்துடுங்க அண்ணா' என்றார். அதிகாரி அந்தப் பெண்ணை உள்ளே கூப்பிட்டார். 'அவனுக்கே நீங்க போட்டா எனக்கு என்னம்மா போடுவே?' கதவு திறந்தே இருந்தது. பெரியவர் டீ டம்ளரோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

குவேக்கர்கள் மேலே இருந்தவர்களை 'நீ'க்கு இறக்கினார்கள். இந்தப் பெண் கீழே வைக்கப்பட்டவரை 'நீங்க'வுக்கு ஏற்றினார். இரண்டுக்கும் வந்த கோபம் ஒன்றே. அந்த அப்பாவும் இந்த அதிகாரியும் கேட்டது மரியாதை என்று எனக்குத் தோன்றவில்லை. இன்னொருவருக்குக் கிடைக்காதது தனக்கு வேண்டும், அவ்வளவுதான். எல்லோருக்கும் ஒரே சொல் என்றதும் அவர்களுக்கு உடம்பு பதறுகிறது. அந்தப் பெண் மறுநாளும் 'அண்ணா, வாங்க' என்றுதான் பேசினார். எனக்கு அவர்மேல் இன்றும் தீராத மதிப்பு.

ஆங்கிலம் கடைசியில் அந்தப் பெண்ணின் வழியில்தான் போனது. எல்லோரும் 'யூ' ஆனார்கள். யார்க்‌ஷயர் பக்கம் வயதானவர்கள் பேச்சில் பழைய ஒருமை இன்னும் 'தா' என்று காதில் விழும்.

கவிதைக்கு வருகிறேன். யாரை நோக்கி எழுதுகிறீர்கள் என்று நீங்கள் சொல்லவே இல்லை. அம்மாவையோ நெருங்கிய தோழியையோ என்றால் 'தௌ' பொருந்தும். வினையையும் மாற்ற வேண்டும்: 'ஆர்' வராது, 'ஆர்ட்', 'ஹேவ்' வராது, 'ஹாஸ்ட்'. கல்லூரி நிறுவனரைப் புகழ்ந்து என்றால் 'யூ' என்றே எழுதுங்கள்.