மகள் வாலிபால் ஆடினால் பத்தாவது படிப்பு கெடுமா?

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊரிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். மகள் ஒன்பதாவது படிக்கிறாள், பள்ளி வாலிபால் டீமில் இருக்கிறாள், அடுத்த வருடம் பொதுத்தேர்வு, நிறுத்திவிடலாமா என்று. தயவுசெய்து நிறுத்தாதீர்கள்.

உயரம் விறுவிறுவென்று கூடும் இரண்டு வருடங்களை ஒட்டியே, வாழ்நாள் முழுக்கத் தாங்கும் எலும்பு வலுவில் ஏறக்குறைய கால்பங்கு சேர்ந்துவிடுகிறது. குதிப்பதும் ஓடுவதும் அதற்கு உரம் மாதிரி. 5 முதல் 17 வயதுவரை தினமும் சராசரியாக 60 நிமிடம் உடல் நன்றாக உழைக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

மனசுக்குக் கிடைப்பது அதைவிடப் பெரிது. பாம்பன் பக்கம் மணல் மைதானத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஒரு மீனவர் வீட்டுப் பெண், வகுப்பில் வாயே திறக்கமாட்டாள். பந்தைத் தவறவிட்டால் ஓரமாகப் போய் அழுவாள். மூன்றாவது மாதம், அதே பெண் "எனக்கு விடு, எனக்கு விடு!" என்று கத்திக்கொண்டே பாய்ந்தாள். பந்து வெளியே போனது. முழங்கையில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டு அடுத்த சர்வுக்குத் தயாராக நின்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சரி, கவனிக்க வேண்டியதும் உண்டு. முழங்கால் சிப்பிக்குக் கீழே வலி என்றால், வளரும் பிள்ளைகளுக்கு இது சகஜம்தான் என்றாலும், வலியோடு குதிக்க விடாதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள். நம் கடற்கரைப் புழுக்கத்தில் வேர்வை காயாது, உடம்பு சூடு இறங்காது. அதனால் வெயில் தாழ்ந்தபிறகு ஆடட்டும், தண்ணீர் பாட்டில் கையிலேயே இருக்கட்டும். அப்புறம் தூக்கம். இந்த வயதுக்கு 8 முதல் 10 மணி நேரம் வேண்டும். படிப்பைக் கெடுப்பது பெரும்பாலும் தூக்கக் குறைவுதான், பந்து இல்லை. தேர்வு நெருங்கும்போது பயிற்சியை வாரம் மூன்று நாளாகக் குறைக்க முடியுமா என்று பி.டி. டீச்சரிடம் கேளுங்கள்.