சூழலியல் களப்பணி: எப்போது தேடுவது, யாருக்கு எழுதுவது, என்ன கேட்டுக்கொண்டு சேருவது

கேள்வி: மகள் தஞ்சாவூரில் பி.எஸ்சி. விலங்கியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். காட்டுயிர் ஆய்வுக்குத்தான் போவேன் என்று பிடிவாதமாக இருக்கிறாள். அவள் அப்பா பி.எட். சேரச் சொல்கிறார். இதில் வேலை உண்டா? பெண்பிள்ளையைக் காட்டுக்கு நம்பி அனுப்பலாமா? (பட்டுக்கோட்டையிலிருந்து ஒரு தாய்)

அம்மா, வேலை உண்டு. ஆனால் அது வங்கித் தேர்வு, ஆசிரியர் தேர்வு மாதிரி ஒரே அறிவிப்பில் ஆயிரம் இடமாக வருவதில்லை. ஒரு பேராசிரியருக்கோ நிறுவனத்துக்கோ ஒரு திட்டத்துக்கு நிதி வரும். அதில் ஒன்றிரண்டு பேரை 6 மாதத்துக்கோ 3 ஆண்டுக்கோ எடுப்பார்கள். அந்த ஆள் எப்போது தேவை என்பதை மழையும் வெயிலும் விலங்குகளின் இனப்பெருக்கக் காலமும் முடிவு செய்கின்றன. பல மாணவர்கள் தவறவிடுவது இங்கேதான். ஜூனில் ரிசல்ட் வந்த பிறகு வேலை தேடுகிறார்கள். அப்போது கோடைக் களப்பணி முடிந்திருக்கும், மழைக்காலக் குழுவுக்கும் ஆள் எடுத்திருப்பார்கள்.

எனவே மகள் முதலில் கையில் வைத்திருக்க வேண்டியது ஒரு பருவ நாட்காட்டி. வலசை வரும் நீர்ப்பறவைகளுக்கு அக்டோபர் முதல் மார்ச் வரை. பங்குனி ஆமைகள் நம் கரையில் முட்டையிட ஜனவரி முதல் மார்ச், ஏப்ரல் வரை. மேற்குத் தொடர்ச்சி மலையில் தானியங்கி கேமரா வைப்பதும், டிரான்செக்ட் எனப்படும் குறித்த நேர்கோட்டுப் பாதையில் நடந்து விலங்குகளை எண்ணுவதும் பெரும்பாலும் ஜனவரி முதல் மே வரையிலான வறண்ட மாதங்களில். தவளை ஆய்வு தென்மேற்குப் பருவமழையோடு ஜூனில் தொடங்கும். ஒவ்வொன்றுக்கும் மூன்று மாதம் முன்னதாக விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். ஜனவரிக் களத்துக்கு அக்டோபரில், ஜூன் களத்துக்கு மார்ச்சில். நாடு முழுவதற்குமான புலிக் கணக்கெடுப்பு 2006, 2010, 2014, 2018, 2022 என நான்காண்டுக்கு ஒருமுறை நடக்கிறது. அந்தச் சுற்று வரும்போது களத்துக்கும், படங்களைப் பிரித்து அடையாளம் காணும் வேலைக்கும் புதியவர்கள் நிறையத் தேவைப்படுவார்கள்.

அனுபவமே இல்லாதவளை யார் எடுப்பார்கள் என்று கேட்பீர்கள். முதல் அனுபவத்துக்கு இந்தியக் காட்டுயிர் நிறுவனம் உள்ள டேராடூன் வரை போக வேண்டியதில்லை. உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே அதிராம்பட்டினம் கடல் இருக்கிறது. தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடற்பரப்பில் 448 சதுர கிலோமீட்டரை 2022-இல் கடல்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது. அங்கே கடற்புல் எங்கே அடர்த்தி, வலையில் எது மாட்டுகிறது, எந்த மாதத்தில் என்பதையெல்லாம் முதலில் அறிந்தவர்கள் மீனவர்கள். அவர்களோடு அவர்கள் பேச்சில் பேசி, சொன்னதைத் தேதியோடும் இடத்தோடும் குறித்து வைக்கத் தெரிந்த மாணவி எந்தக் கடல் ஆய்வுக் குழுவுக்கும் உதவுவாள். கிழக்கே கோடியக்கரை. அங்கே பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல காலமாகப் பறவைகளுக்கு வளையமிட்டு ஆய்வு செய்கிறது. வனத்துறை ஆண்டுதோறும் நடத்தும் பறவைக் கணக்கெடுப்புக்கும் கல்லூரி மாணவர்களைச் சேர்த்துக்கொள்கிறார்கள். மாவட்ட வன அலுவலகத்துக்குத் துறைத்தலைவர் கையொப்பத்தோடு டிசம்பருக்கு முன்பே ஒரு கடிதம் கொடுத்து வைப்பது நல்லது. சென்னையில் மாணவர்கள் 1988 முதல் நடத்திவரும் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பின் கடற்கரை இரவு நடையிலும் கலந்துகொள்ளலாம்.

இதற்கும் முன்னால், வீட்டிலிருந்தே தொடங்கக்கூடியது இ-பேர்ட், அதாவது பார்த்த பறவைகளை யாரும் பதியக்கூடிய இணையதளம். ஒரே குளத்தை வாரம் ஒருமுறை, ஒரே நேரத்தில், 15 நிமிடத்துக்குக் குறையாமல் பார்த்து, கண்ட எல்லாப் பறவைகளையும் எண்ணிக்கையோடு முழுப் பட்டியலாகப் பதிய வேண்டும். அரிய பறவை வந்த நாளில் மட்டும் பதிவு போடுவதால் ஆய்வுக்குப் பயனில்லை. ஒன்றும் வராத வாரமும் தரவுதான். இப்படி ஓராண்டு விடாமல் பதிந்த ஒரு குளத்தின் பட்டியல், நாலு பயிலரங்குச் சான்றிதழைவிட எடை கூடியது. ஆய்வாளர் அதைத் திறந்து பார்த்தே இவள் ஒழுங்காக வேலை செய்வாளா என்று தெரிந்துகொள்வார். ஜனவரியில் வரும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் தொடங்கினால் உடன் பார்ப்பவர்களும் கிடைப்பார்கள்.

படிப்பு. பி.எஸ்சி.யோடு நின்றால் களஉதவியாளர், பயிற்சியாளர் வேலைதான் கிடைக்கும். ஆய்வாளராக எம்.எஸ்சி. வேண்டும். மயிலாடுதுறை அருகே மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியிலும் ஊட்டி அரசு கலைக் கல்லூரியிலும் காட்டுயிர் உயிரியல் இருக்கிறது. புதுவைப் பல்கலைக்கழகத்தில் சூழலியல் இருக்கிறது, அதற்கு கியூட்-பி.ஜி. என்ற முதுநிலை நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையம் (என்.சி.பி.எஸ்.) நடத்தும் காட்டுயிர் எம்.எஸ்சி. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறைதான் ஆள் எடுக்கிறது, அதுவும் சுமார் 15 பேரை. டேராடூன் இந்தியக் காட்டுயிர் நிறுவனத்திலும் எம்.எஸ்சி. உண்டு. கோவை ஆனைகட்டியில் உள்ள சலீம் அலி மையம் இப்போது அந்த நிறுவனத்தோடு இணைந்துவிட்டது. எந்தக் கல்லூரியானாலும் சேருமுன் ஒன்றைக் கேளுங்கள்: ஆய்வேட்டுக்கு ஒரு முழுப் பருவம் களத்தில் இருக்க விடுவார்களா? வாரத்துக்கு இரண்டு நாள் வகுப்பை வைத்துக்கொண்டு களஆய்வு செய்ய முடியாது.

ஆய்வேட்டைக் காப்பகத்துக்குள் செய்வதானால் அனுமதி விஷயத்தை முன்பே கவனிக்க வேண்டும். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்துக்குள் ஆய்வு செய்யத் தலைமை வனஉயிரினக் காப்பாளரின் அனுமதி தேவை. விலங்கைப் பிடிப்பது, மாதிரி எடுப்பது என்றால் தனி அனுமதி. கல்லூரி வழியாகப் போகும் இந்த விண்ணப்பம் முடிந்து வர மாதக்கணக்கில் ஆகும். டிசம்பரில் களம் இறங்க வேண்டியவள் ஜூனிலேயே விண்ணப்பிக்க வேண்டும். தாமதித்தவர்கள் கடைசி நேரத்தில் தலைப்பை மாற்றி, கல்லூரி வளாகத்துப் பட்டாம்பூச்சிகளை எண்ணிக்கொண்டிருப்பார்கள். வளாக ஆய்வு தாழ்வானதல்ல, ஆனால் அவசரத்தில் தேர்ந்த கேள்வி நல்ல ஆய்வாவது அரிது. ஆகவே இரண்டாவது திட்டம் ஒன்றையும் ஆரம்பத்திலேயே வகுத்து வைத்துக்கொள்ளட்டும்: ஏரி, தோப்பு, வயல் என்று அனுமதிச் சிக்கல் இல்லாத இடத்தில், அதே கேள்வியைக் கேட்கிற மாதிரி.

தேர்வுகளில் இரண்டு முக்கியம். ஆய்வு உதவித்தொகைக்கும் கல்லூரி ஆசிரியர் பணிக்கும் தகுதி தரும் சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வின் உயிர் அறிவியல் தாள் மொத்தம் 200 மதிப்பெண். அதில் மூன்றாம் பகுதியில் 75 கேள்வி வரும், 25-க்கு விடை எழுதினால் போதும், ஒவ்வொன்றுக்கும் 4 மதிப்பெண். சூழலியல், பரிணாமம், விலங்கு நடத்தை, ஆய்வு முறைகள் ஆகிய அலகுகளை ஆழமாகப் படித்தவர்களுக்கு அந்தப் பகுதி சாதகமானது. தவறான விடைக்கு மதிப்பெண் குறையும், குருட்டடி வேண்டாம். இன்னொன்று கேட் தேர்வில் உள்ள சூழலியல்-பரிணாமத் தாள். இதில் கணிதமும் புள்ளியியலும் வருவதால் விலங்கியல் மாணவர்கள் தடுமாறுவார்கள். மதிப்பெண் மூன்றாண்டு செல்லும் என்பதால் எம்.எஸ்சி. முதலாண்டு பிப்ரவரியிலேயே ஒருமுறை எழுதிவிடலாம். நெட் அல்லது கேட் தகுதி இருந்தால், மத்திய அரசு நிதியுள்ள திட்டத்தில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வாளர்) உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. எஸ்.ஆர்.எஃப். (முதுநிலை ஆய்வாளர்) ஆனால் 42,000. அந்தத் தகுதி இல்லாத பணியிடங்களிலும் தன்னார்வ நிறுவனங்களிலும் தொகை குறையும். ஆனால் களநிலையத்தில் தங்குமிடமும் சாப்பாடும் கிடைப்பதுண்டு, கையில் மிஞ்சுவதை வைத்து ஒப்பிடுங்கள்.

காலியிடங்கள் எங்கே வரும்? நிறுவனங்களின் சொந்த இணையதளப் பக்கத்தில், பெரும்பாலும் இரண்டு மூன்று வாரமே அவகாசத்தோடு. இந்தியக் காட்டுயிர் நிறுவனம், பெங்களூருவில் உள்ள ஏட்ரீ என்ற சூழலியல் ஆய்வு நிறுவனம், வால்பாறையில் மழைக்காட்டு மீட்புப் பணி செய்யும் மைசூரு இயற்கைப் பாதுகாப்பு நிறுவனம் (என்.சி.எஃப்.), வண்டலூர் உயர்நிலை வனஉயிரினப் பாதுகாப்பு நிறுவனம் ஆகியவற்றின் பக்கங்களை வாரம் ஒருநாள் பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். மூன்று தேசிய அறிவியல் கழகங்கள் சேர்ந்து தரும் இரண்டு மாதக் கோடை ஆய்வுப் பயிற்சிக்கு விண்ணப்பம் ஆண்டிறுதிக்கு முன்பே முடிந்துவிடும். அதற்கு உங்கள் மகள் இந்த ஆண்டே போடலாம்.

அறிவிப்பு வராமலேயே மின்னஞ்சல் எழுதிக் கிடைக்கும் இடங்களும் இருக்கின்றன. அந்த மின்னஞ்சல் 200 சொல்லுக்குள் இருக்கட்டும். யார், எங்கே படிக்கிறாள். மின்னஞ்சல் பெறும் ஆய்வாளருடைய எந்த ஆய்வுக் கட்டுரையைப் படித்தாள், அதில் எந்தச் செய்தி தன் வேலையோடு தொடர்புடையது. எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை முழுநேரம் வர முடியும். என்னென்ன கைவேலை தெரியும். இவ்வளவு போதும். கைவேலை என்றால் ஜி.பி.எஸ். கருவி, கியூஜிஐஎஸ் மென்பொருளில் நிலவரைபடம், ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளில் தரவைத் திருத்தி வரைபடம் போடுவது, இருசக்கர வாகனம் ஓட்டுவது, தமிழோடு மலையாளமோ கன்னடமோ பேசுவது. ஓட்டுநர் உரிமத்தைச் சிலர் தன்விவரக் குறிப்பில் எழுதாமல் விட்டுவிடுகிறார்கள். களநிலையத்தில் அது பெரிய தகுதி. ‘சிறு வயது முதலே விலங்குகள் மேல் ஆர்வம்’ என்ற வரி எல்லாருடைய கடிதத்திலும் இருப்பதால் அதை எடுத்துவிடலாம். ஒரே கடிதத்தை 40 பேருக்கு ஒரே சமயத்தில் அனுப்பினால் ஒருவரும் பதில் போடமாட்டார்கள். பதினைந்து நாளில் பதில் இல்லையென்றால் ஒருமுறை மட்டும் நினைவூட்டலாம். அவர் சிக்னல் இல்லாத இடத்தில் களத்தில் இருக்கக்கூடும்.

வெளிநாடு பற்றிச் சுருக்கமாக. அமெரிக்காவில் கோடைக்காலக் களவேலை விளம்பரங்கள் இணையத்தில் ஏராளம். பெரும்பாலானவை அங்கே வேலை செய்ய ஏற்கெனவே அனுமதி உள்ளவர்களுக்கே, அதில் நேரத்தைச் செலவிட வேண்டாம். நம்மவர்களுக்கு உரிய வழி, கட்டணச் சலுகையோடு மாத ஊதியமும் தரும் ஆய்வு உதவியாளர் அல்லது கற்பித்தல் உதவியாளர் இடத்தோடு எம்.எஸ். அல்லது பிஎச்.டி. சேர்வது. அதற்கு ஒரு பேராசிரியர் ஏற்றுக்கொள்ளச் சம்மதிப்பது பெரும்பாலும் விண்ணப்பத்துக்கு முன்பே நடக்க வேண்டும். ஆகஸ்ட் முதல் அக்டோபருக்குள் எழுதிவிட வேண்டும், விண்ணப்பக் கெடு டிசம்பர், ஜனவரியில் வரும். நிதி இல்லாத இடத்துக்குக் கல்விக்கடன் வாங்கிப் போக வேண்டாம். இந்தத் துறைச் சம்பளத்தில் அந்தக் கடனை அடைப்பது கடினம்.

இனி நீங்கள் கேட்ட முக்கியமான கேள்வி, பாதுகாப்பு. அனுப்பலாமா என்பதற்கான பதில் காட்டைவிட அந்தக் களநிலையத்தைத்தான் பொறுத்தது. சேருமுன் இவற்றுக்கு மின்னஞ்சலில் பதில் வாங்கட்டும்: நிலையத்தில் வேறு பெண்கள் தங்கியிருக்கிறார்களா? அறைக்கும் கழிப்பறைக்கும் தாழ்ப்பாள் உண்டா? களத்துக்குத் தனியாக அனுப்புவார்களா, உள்ளூர் களஉதவியாளரோ வேட்டைத் தடுப்புக் காவலரோ உடன் வருவார்களா? பாம்புக்கடி மருந்து உள்ள மருத்துவமனை எத்தனை நிமிடத் தூரம், இரவில் வண்டி யார் ஓட்டுவார்? விபத்துக் காப்பீடு உண்டா? பாலியல் தொல்லைப் புகாரை விசாரிக்க 2013 சட்டப்படி உள்ளகக் குழு இருக்கிறதா, அதன் தலைவர் யார்? நல்ல நிறுவனம் இந்தக் கேள்விகளை வரவேற்கும். ‘வந்து பாரும்மா, எல்லாம் சரியாக இருக்கும்’ என்று மழுப்பினால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். யானை நடமாடும் வால்பாறை போன்ற இடங்களில் இருட்டிய பின் நடந்து போகக்கூடாது என்ற விதியை நிலையம் எவ்வளவு கண்டிப்பாக வைத்திருக்கிறது என்பதையும் கேட்க வேண்டும். வௌவால், குரங்கு, நாய் போன்ற பாலூட்டிகளைக் கையாளும் வேலையானால் ரேபிஸ் முன்தடுப்பூசியைக் கிளம்பும் முன் போட்டு முடிக்க வேண்டும். களத்திலிருந்து வந்த பின் காய்ச்சல் வந்தால், காட்டில் இருந்ததை மருத்துவரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும். உண்ணிக் காய்ச்சலைச் சாதாரணக் காய்ச்சல் என்று விட்டுவிட்டால் ஆபத்தாகிவிடும்.

பணத்தைப் பற்றியும் கேட்கத் தயங்க வேண்டாம். அரசு நிதித் திட்டங்களில் தவணை தாமதமாகி, சம்பளம் இரண்டு மூன்று மாதம் சேர்ந்தே வருவதுண்டு. முதல் வேலைக்குப் போகும்போது மூன்று மாதச் செலவுக்கான தொகையை நீங்கள் கொடுத்து அனுப்புங்கள். சாப்பாட்டுக்கு மட்டும் பணம் கேட்கும் பயிற்சி இடங்கள் நியாயமானவை. சான்றிதழுக்காகப் பல ஆயிரம் கட்டச் சொல்லும் ‘இன்டர்ன்ஷிப்’ வேண்டாம். அவள் சேகரித்த தரவில் கட்டுரை வந்தால் பெயர் இடம்பெறுமா என்பதையும் தொடக்கத்திலேயே பேசி எழுதி வாங்க வேண்டும். முடிந்த பின் பேசினால் மனக்கசப்புதான் மிஞ்சும்.

அவள் அப்பாவுக்கு ஒரு வார்த்தை. விலங்கியல் பட்டத்தோடு இந்திய வனப்பணித் தேர்வு எழுதலாம், டி.என்.பி.எஸ்.சி. நடத்தும் வனத்தொழில் பழகுநர் தேர்வும் எழுதலாம். எம்.எஸ்சி.க்குப் பின் நெட் அல்லது மாநில அளவிலான செட் தேறினால் கல்லூரி ஆசிரியர் வேலைக்குத் தகுதி வரும். சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு நிறுவனங்களுக்குச் சூழலியல்-பல்லுயிர்ப் பிரிவில் அனுபவமுள்ள வல்லுநர்கள் கட்டாயம் தேவை, அங்கே களஅனுபவ ஆண்டுகளைத்தான் கணக்கில் எடுக்கிறார்கள். பி.எட். இரண்டு ஆண்டு கழித்தும் சேரக்கூடியது. இந்த அக்டோபருக்குள் மகள் ஆய்வாளர்களுக்கு இரண்டு மின்னஞ்சலும் வன அலுவலகத்துக்கு ஒரு கடிதமும் அனுப்பட்டும், கோடியக்கரையில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்புக்கு ஒருமுறை அப்பாவும் உடன் போய் வரட்டும்.