நூற்றெண்பது லைக், ஒன்பது வாசகர்

அன்புள்ள அக்கா,

கொட்டாஞ்சேனையிலிருந்து எழுதுகிறேன். இரண்டு வருடமாக ஒரு வலைப்பூ வைத்திருக்கிறேன். அப்பம்மா சொன்ன பழைய ஆடிவேல் தேர்த்திருவிழாக் கதைகளை வைத்துப் போன மாதம் நீளமாக ஒரு கட்டுரை எழுதினேன். எழுதி முடிக்க மூன்று வாரம் பிடித்தது. லிங்க்கை பேஸ்புக்கில் போட்டேன், 180 லைக் வந்தது. ஆனால் அன்று முழுக்க வலைப்பூவுக்கு வந்தவர்கள் ஒன்பது பேர்தான். காசு கட்டி பூஸ்ட் பண்ணு என்கிறான் ஒரு நண்பன். இந்தக் காலத்தில் வலைப்பூ யார் பார்க்கிறார்கள், எல்லாவற்றையும் பேஸ்புக்கிலேயே எழுதிவிடு என்கிறான் இன்னொருவன். சமூக ஊடகத்தில் இருப்பவர்களை வலைப்பூவுக்கு எப்படிக் கூட்டிவருவது? நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள்? பெயர் வேண்டாமே.

*

தம்பிக்கு,

உங்கள் கட்டுரையை முழுதாக வாசித்தேன். நன்றாக இருக்கிறது. அதற்குப் பிறகு பேஸ்புக்கில் நீங்கள் அதை எப்படிப் போட்டிருக்கிறீர்கள் என்று போய்ப் பார்த்தேன். “எனது புதிய பதிவு. வாசித்துவிட்டுக் கருத்துச் சொல்லுங்கள்.” அதன் கீழே லிங்க். படம் இல்லை.

அந்த 180 பேரைக் குறை சொல்ல மாட்டேன். நீங்கள் எழுதுகிறீர்கள் என்பதில் அவர்களுக்கு உண்மையாகவே சந்தோஷம், அதைத்தான் லைக்கில் காட்டியிருக்கிறார்கள். ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று நீங்கள் அவர்களுக்குச் சொல்லவே இல்லையே. உங்கள் கட்டுரையின் நாலாவது பத்தியை எடுத்து நான் இப்படிப் போட்டிருப்பேன்:

“வேல் பம்பலப்பிட்டிக்கு வந்த இரவு, அப்பம்மாவுக்கு ஒன்பது வயது. தன்னைவிட உயரமான கரும்பை இழுத்துக்கொண்டு பஸ் ஏறினாராம். கொண்டக்டர் கரும்புக்கும் சேர்த்து ஒரு டிக்கெட் போட்டாராம். அந்தக் கோபம் அவருக்கு இன்னும் ஆறவில்லை. உங்கள் வீட்டில் ஆடிவேல் பார்த்தவர்கள் இருக்கிறார்களா? கரும்பு எங்கே வாங்கினார்கள்?”

எல்லாம் உங்கள் வரிகள்தான். கேள்வி மட்டும் நான் சேர்த்தது. இதை வாசித்துவிட்டு லிங்க்கைத் தொடாமல் போகிறவருக்கும் கையில் ஒன்று மிஞ்சும். அது முக்கியம். ஏனென்றால் நம் ஊரில் எத்தனையோ பேர் பேஸ்புக்கும் வட்ஸ்அப்பும் மட்டும் பார்க்கிற பக்கேஜைத்தான் போனில் போட்டிருக்கிறார்கள். வெளி லிங்க் ஒன்றைத் தொட்டால் வேறு டேட்டா போகும், அது இல்லையென்றால் பக்கமே திறக்காது. பஸ்ஸில் நின்றபடி போனைப் பார்க்கிற ஒருவர் அதற்காகக் காசு போட்டு டேட்டா ரீலோட் பண்ணப் போவதில்லை. அவர் இன்றைக்கு வரவில்லை என்றால் என்ன, கரும்பு டிக்கெட் அவர் மனதில் இருக்கும். வீட்டுக்குப் போய் வைஃபை கிடைத்ததும் தேடி வருகிறவர்கள் இருக்கிறார்கள். என் வாசகர் பலர் அப்படி வந்தவர்கள்தான்.

வெளி லிங்க்கை இந்தத் தளங்களும் பெரிதாக விரும்புவதில்லை. நாம் அவர்களிடமே தங்கியிருந்தால்தான் அவர்களுக்கு வருமானம். நிறுவனங்களும் ஊடகங்களும் நடத்தும் பக்கங்கள் போடுவதைவிட நண்பர்களும் உறவினர்களும் பேசிக்கொள்வதையே முன்னால் காட்டப்போகிறோம் என்று 2018 ஜனவரியில் பேஸ்புக் வெளிப்படையாகவே அறிவித்தது. டுவிட்டர் எக்ஸ் ஆன பிறகு அதன் முதலாளி ஈலோன் மஸ்க், விஷயத்தைப் பதிவில் எழுதுங்கள், லிங்க்கைக் கீழே பதிலில் போடுங்கள் என்று 2024 நவம்பரில் சொன்னார். ஆகவே உங்கள் சொந்தக் கணக்கில் எழுதுங்கள், லிங்க்கை முதல் கொமெண்டில் வையுங்கள். போட்டுவிட்டுப் போய்விடாமல் முதல் ஒன்றிரண்டு மணி நேரம் அங்கேயே இருந்து, வருகிற ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லுங்கள். ‘நன்றி’ என்று மட்டும் போட வேண்டாம். “எங்கட அம்மாவும் போயிருக்கிறா” என்று ஒருவர் எழுதினால், எந்த வருடம், யாரோடு போனார் என்று கேளுங்கள். அடுத்த கட்டுரை அங்கேதான் இருக்கிறது. ஐம்பது பேரை டேக் பண்ணுவதை மட்டும் செய்யாதீர்கள்.

அப்புறம், வலைப்பூவில் உடனே திருத்த வேண்டியது ஒன்று இருக்கிறது. கட்டுரையின் முகவரியில் தலைப்பை அப்படியே தமிழில் விட்டிருக்கிறீர்கள். உலாவியில் பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் அதை நகல் எடுத்து வட்ஸ்அப்பில் ஒட்டினால் வேறு உருவம். ஒவ்வொரு தமிழ்க் குறியும் சதவீதக் குறிகளும் எண்களும் ஆங்கில எழுத்துகளுமாக ஒன்பது இடத்தைப் பிடிக்கும். ‘ல’ ஒரு கணக்கு, அதோடு சேரும் கொம்பும் புள்ளியும் தனிக் கணக்கு. ‘ஆடிவேல்’ என்ற ஒரு சொல் மட்டுமே 63 இடம்! உங்கள் தலைப்பு முழுவதும் என் போனில் எட்டு வரிக்கு நீண்டது. என் மாமி அதைப் பார்த்தால் வைரஸ் என்று அழித்துவிடுவார். முகவரியை ஆங்கில எழுத்தில் சின்னதாக வையுங்கள், தலைப்பு தமிழிலேயே இருக்கட்டும். ஒரு படமும் சேருங்கள். அப்பம்மாவின் கைகளைப் படம் பிடித்துப் போட்டாலே போதும்.

பூஸ்ட் பற்றி. நானும் ஒரு முறை ஒரு தளத்தில் காசு கட்டிப் பார்த்தேன். மொழியைத் தெரிவு செய்யாமல் இலங்கை முழுவதற்கும் என்று கொடுத்துவிட்டேன், பிழை என்னுடையது. லைக் நிறைய வந்தது, வாசித்தவர் மிகக் குறைவு. அந்தக் காசை நீங்கள் சொந்த டொமைனுக்கு, அதாவது வலைப்பூவுக்கென்றே ஒரு வலை முகவரிக்கு, கட்டுங்கள்.

எல்லாவற்றையும் பேஸ்புக்கிலேயே எழுதலாமா என்ற கேள்விக்கு என் பதில் ‘வேண்டாம்’ என்பதுதான், உறுதியாகச் சொல்கிறேன். மூன்று வருடத்துக்கு முன்னர் நீங்களே அங்கே போட்ட ஒன்றை இப்போது தேடி எடுத்துப் பாருங்கள், புரியும். நான் எழுதத் தொடங்கியது 2008இல். பல வலைப்பூக்களின் புதிய பதிவுகளை ஓரிடத்தில் காட்டிய தமிழ்மணம் திரட்டியில் வலைப்பூவைச் சேர்த்துவிட்டால் போதும், யாழ்ப்பாணத்திலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். பிடித்த தளங்களின் புதிய பதிவுகளைச் சேர்த்துத் தந்த கூகுள் ரீடரிலும் பலர் வாசித்தார்கள். 2013 ஜூலை 1ஆம் திகதி அது மூடப்பட்டது, பிறகு திரட்டிகளும் ஓய்ந்தன. அந்த வாசகரில் பாதிப் பேரை நான் திரும்பக் காணவே இல்லை. அவர்களுடைய மின்னஞ்சலை வாங்கி வைக்க வேண்டும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. இன்றுவரை அது எனக்கு வருத்தம்தான்.

பிறகு வாங்கி வைத்தேன். அது உதவிய நாளைச் சொல்கிறேன். 2022 ஏப்ரல் 3, ஞாயிற்றுக்கிழமை. பொருளாதார நெருக்கடிக் காலம், ஊரடங்கு. விடிந்து பார்த்தால் பேஸ்புக், வட்ஸ்அப், எக்ஸ் ஆக மாறாத அன்றைய டுவிட்டர் எல்லாவற்றையும் அரசு முடக்கியிருந்தது. 2018 மார்ச்சிலும் 2019 ஏப்ரலிலும் நாம் பார்த்த, ஏறக்குறைய அதே நிலைமை. முந்தின இரவுதான் எங்கள் ஒழுங்கையின் எரிவாயு வரிசை பற்றி எழுதி முடித்திருந்தேன். பட்டியலில் இருந்த 63 பேருக்கும் மின்னஞ்சல் போட்டேன். பிற்பகலில் முடக்கம் நீங்குவதற்குள் பதினொரு பேர் பதில் எழுதிவிட்டார்கள். நீண்ட பதில்கள், ஒவ்வொருவரும் தம் வரிசையைப் பற்றி.

உங்களுக்கு நான் முதலில் சொல்ல நினைத்தது வட்ஸ்அப்தான். நம்மவர் இருக்கிற இடம் அது. பழைய மாணவர் சங்கம், கோயில், அபார்ட்மெண்ட், கனடாவில் இருக்கிற மச்சாள்மார் என்று எல்லோருக்கும் ஒரு குரூப் உண்டு. ஆனால் எல்லாக் குரூப்பிலும் லிங்க்கைக் கொட்டினால் ‘போர்வேர்ட்’ என்ற அடையாளத்தோடு வரும் நூறு செய்தியில் அதுவும் ஒன்றாகிவிடும். ஒவ்வொரு கட்டுரைக்கும் ஐந்தாறு பேரை நினைத்துப் பாருங்கள். இதை வாசித்தால் இவருக்குச் சொல்ல ஏதாவது இருக்கும் என்று தோன்றுகிறவர்கள். அவரவருக்குத் தனித்தனியாக, பெயர் சொல்லி, ஏன் அனுப்புகிறீர்கள் என்று இரண்டு வரி எழுதி அனுப்புங்கள். மெனக்கெட்ட வேலைதான். ஆனால் அவர்கள் வாசிப்பார்கள், வாசித்தவர்கள் தாங்களே குரூப்பில் போடுவார்கள். நீங்கள் போடுவதும் அவர்கள் போடுவதும் ஒன்றல்ல. நேரத்தையும் பாருங்கள். வருடத்தின் பெரும்பகுதி, கொழும்பில் ஞாயிறு இரவு ஏழரை என்றால் லண்டனில் பிற்பகல் மூன்று, டொரண்டோவில் காலை பத்து. மூன்று ஊரும் விழித்திருக்கும்.

உங்கள் கட்டுரையை நானும் இரண்டு பேருக்கு அனுப்பினேன். அதில் ஒருவர் பம்பலப்பிட்டியில் இருக்கிற என் பெரியம்மா. சின்ன வயதில் அவர் வேல் பார்த்தது காலி வீதிக் கடையொன்றின் மேல்மாடியிலிருந்து. எட்டு நிமிடத்துக்கு ஒரு வொய்ஸ் மெசேஜ் அனுப்பியிருக்கிறார். கரும்பு விற்றவர்கள் பற்றி நீங்கள் எழுதிய இடத்தில் ஒரு திருத்தம் சொல்கிறார். நடுவே ஒரு பழைய காவடிப் பாட்டை இரண்டு வரி பாடியும் காட்டுகிறார். அவரிடம் கேட்டுவிட்டேன், அதை உங்களுக்கு அனுப்பலாம் என்றார். இன்றிரவு அனுப்புகிறேன். அப்பம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.