பழைய ஹாலிவுட் காதல் நகைச்சுவைப் படங்கள் இன்றும் இனிப்பது ஏன்?

நேரடியாகக் காட்டாமல் உணர்த்துவதால்தான். 1934 ஜூலை முதல் ஹாலிவுட்டில் தணிக்கை நெறிமுறை கறாராக அமலானது. அதனால் எழுத்தாளர்கள் ஆசையைப் பேச்சிலும் பொருள்களிலும் ஒளித்துவைத்தார்கள்.

அதற்குச் சில மாதங்கள் முன்பே ஃபிராங்க் காப்ராவின் 'இட் ஹேப்பண்ட் ஒன் நைட்' வழி காட்டியிருந்தது. ஓர் அறை, இரண்டு கட்டில்கள், நடுவே கயிற்றில் ஒரு போர்வை. நாயகன் கிளார்க் கேபிள் அதற்கு 'எரிகோவின் மதில்கள்' என்று பெயர் வைப்பார்; பைபிளில் எக்காள ஒலியில் இடிந்து விழும் மதில்கள் அவை. கடைசிக் காட்சியில் காதலர்கள் நம் கண்ணில் படுவதே இல்லை; பொம்மை ஊதுகுழல் ஒலிக்கிறது, போர்வை விழுகிறது. எவ்வளவு அழகான சிக்கனம்!

அடுத்தது பேச்சின் வேகம். ஹோவர்ட் ஹாக்ஸின் 'ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே' (1940) படத்தில் ஒருவர் முடிக்குமுன் மற்றவர் தொடங்கிவிடுவார். வாக்கியத்தின் முதலிலும் கடைசியிலும் முக்கியமில்லாத சொற்களை வைத்து எழுதினார்கள். அடுத்தவர் பேச்சில் அவை அமுங்கிப்போனாலும் பொருள் கெடாது. இந்த ஏற்பாடு இல்லாமல் வேகத்தை மட்டும் பிடித்தால் வெறும் இரைச்சல்தான் மிஞ்சும்.

இந்தப் படத்தின் நாயகி ஒரு நிருபர்; மூல நாடகத்தில் அந்த நிருபர் ஆண். ஹாக்ஸ் பெண்ணாக மாற்றி, பத்திரிகை ஆசிரியரின் முன்னாள் மனைவியாக்கினார். சண்டை தொழிலைப் பற்றியது, இருவரும் சமம். காதல் அங்கிருந்தே பிறக்கிறது. நாயகிக்கு வேலையும் வாயும் கொடுக்காத நகல்கள் சோர்ந்துபோவது இதனால்தான்.

இந்தப் படத்தை வசன வரிகளுடன் ஒருமுறை பாருங்கள். அடுத்த முறை நாயகியாக நடித்த ரோசலிண்ட் ரஸலின் முகத்தை மட்டும் கவனியுங்கள்.