எதிர் வயலில் டேட்டா சென்டர்: எச்-1பி விசாவில் இருப்பவர்கள் எதிர்த்துப் பேசலாமா?

கேள்வி: வர்ஜீனியாவில் ஒரு கிராமப்புறக் கவுண்டியில் மூன்று ஏக்கரோடு வீடு வாங்கி நான்கு வருடம் ஆகிறது. சாலைக்கு எதிர்ப்புறம் இருக்கும் சோயா வயலில் டேட்டா சென்டர் கட்ட அனுமதி கேட்டிருப்பதாகப் பலகை வைத்திருக்கிறார்கள். அடுத்த மாதம் பொது விசாரணை. அக்கம்பக்கத்தில் எல்லோரும் கொதித்துப் போயிருக்கிறார்கள். நானும் கணவரும் எச்-1பி விசாவில் இருக்கிறோம். நாங்கள் பேசலாமா? பேசி ஏதாவது ஆகுமா? எங்கள் கிணற்றுத் தண்ணீர் என்ன ஆகும்?

பதில்: தாராளமாகப் பேசலாம். விசாரணையில் உங்கள் பெயரும் முகவரியும்தான் கேட்பார்கள், குடியுரிமையைக் கேட்க மாட்டார்கள். வரி கட்டும் வீட்டுக்காரர் நீங்கள், அதுவும் நேர் எதிரே இருப்பவர். அந்த அறையில் உங்களைவிட அதிக அக்கறை யாருக்கு இருக்க முடியும்? இரண்டு விஷயத்தில் மட்டும் கவனமாக இருங்கள். ஓட்டுப் போட முடியாது என்பது உங்களுக்கே தெரியும். தேர்தல் வேட்பாளர் யாருக்கும் பணமும் கொடுக்கக் கூடாது. கிரீன் கார்டு இல்லாத வெளிநாட்டவர் உள்ளூர்த் தேர்தலுக்குக்கூட நன்கொடை தருவதை ஃபெடரல் சட்டம் தடுக்கிறது. அக்கம்பக்கத்தார் சேர்ந்து வழக்குக்காக நிதி திரட்டினால் அது வேறு, அதற்குத் தரலாம்.

பேசி ஏதாவது ஆகுமா என்றால், ஆகும். பிட்சில்வேனியா கவுண்டியில் எரிவாயு மின்நிலையத்தோடு சேர்த்து ஒரு பெரிய டேட்டா சென்டர் வளாகம் கேட்டார்கள். ஊர் திரண்டு எதிர்த்தது. 2025 ஏப்ரலில் போர்டு, அதாவது கவுண்டியை நிர்வகிக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட குழு, அதை நிராகரித்தது. வாரன்டன் ஊரில் 2023 பிப்ரவரியில் விடிய விடிய நடந்த கூட்டத்துக்குப் பிறகு 4-3 என்று ஒரு டேட்டா சென்டருக்கு அனுமதி கொடுத்தார்கள். அடுத்த ஆண்டே அதே ஊர் தன் நில விதிகளில் அனுமதிக்கப்பட்ட பயன்பாடுகளிலிருந்து டேட்டா சென்டரையே எடுத்துவிட்டது.

ஆனால் நீங்கள் ஊன்றிப் பார்க்க வேண்டியது பிரின்ஸ் வில்லியம் கவுண்டியை. மனாசஸ் போர்க்களப் பூங்காவை ஒட்டிய சுமார் 2,100 ஏக்கரில் டேட்டா சென்டர்கள் கட்ட 2023 டிசம்பரில் நில வகை மாற்றம் (நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்ற வகையை மாற்றும் அனுமதி) கொடுத்தார்கள். ஒரு நாளுக்கும் மேல் நீண்ட விசாரணை அது. எத்தனையோ பேர் கண்கலங்கப் பேசினார்கள், இருந்தும் அனுமதி கிடைத்துவிட்டது. 2025 ஆகஸ்டில் நீதிமன்றம் அந்த அனுமதியே செல்லாது என்றது. காரணம் சத்தமும் இல்லை, தண்ணீரும் இல்லை. விசாரணைக்கான அறிவிப்பைச் சட்டம் சொன்னபடி கொடுக்கவில்லை, அவ்வளவுதான். விஷயம் மேல்முறையீட்டுக்குப் போனது. ஆனாலும் குடியிருப்பவர்கள் கையில் ஒரு காலண்டரும் செய்தித்தாள் கத்தரிப்பும் இருந்தால் எவ்வளவு தூரம் போகலாம் என்று அந்த வழக்கு காட்டிவிட்டது.

அதனால் இன்றே பலகையைப் போட்டோ எடுங்கள். அதில் விண்ணப்ப எண் இருக்கும். அந்த எண்ணைச் சொல்லி கவுண்டி திட்ட அலுவலகத்தில் முழுக் கோப்பையும் கேளுங்கள். விசாரணை அறிவிப்பு செய்தித்தாளில் இரண்டு முறை வர வேண்டும். எந்தத் தேதிகளில் வந்தது என்று குறித்து வையுங்கள். சாலைக்கு நேர் எதிரே நிலம் உள்ளவர் என்பதால், விசாரணைக்குக் குறைந்தது ஐந்து நாள் முன்பு உங்களுக்குத் தனியாகக் கடிதமும் வந்தாக வேண்டும். உறையைத் தூக்கிப் போடாதீர்கள். கடிதம் வராவிட்டாலும் கூட்டத்துக்குப் போய்ப் பேசுங்கள். பேசிவிட்டால் ‘எனக்குக் கடிதம் வரவில்லை’ என்ற வாதம் உங்களுக்குப் போய்விடும், உண்மைதான். அந்த ஒரு வாதத்துக்காக வாயை மூடிக்கொண்டு இருப்பதை நான் ஏற்க மாட்டேன்.

கவுண்டி அதிகாரிகளுக்கும் கம்பெனிக்கும் இடையே போன மின்னஞ்சல்களையும் தகவல் உரிமைச் சட்டப்படி கேட்கலாம். வர்ஜீனியாவில் அந்த உரிமை மாநிலக் குடிமக்களுக்கு என்று சட்டம் சொல்வதால், விண்ணப்பத்தில் அமெரிக்கக் குடியுரிமை உள்ள பக்கத்து வீட்டாரைக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.

அப்புறம், என்ன பேசுவது? பெரும்பாலும் ஒருவருக்கு மூன்று நிமிடம்தான் தருவார்கள். ‘எங்கள் கிராமத்து அழகு போய்விடும்’ என்பதில் அதைச் செலவழிக்காதீர்கள், அதைச் சொல்ல இருபது பேர் இருப்பார்கள். நீங்கள் சத்தத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். குளிரூட்டும் விசிறிகளின் ரீங்காரம் இரவும் பகலும் நிற்காது, தாழ்ந்த அதிர்வெண் என்பதால் சுவரைத் தாண்டி உள்ளே வரும். சாதாரண டெசிபல் அளவீடு அந்த ஒலியைக் குறைத்தே காட்டும். ஆகவே உங்கள் எல்லையில், தாழ் அதிர்வெண்ணையும் சேர்த்து, ஒலி எவ்வளவு இருக்கும் என்று அனுமதிக்கு முன்பே கணித்து ஆய்வறிக்கை தரச் சொல்லுங்கள். டீசல் ஜெனரேட்டர்களை என்ன கிழமை, எத்தனை மணிக்குச் சோதிப்பார்கள் என்றும் கேளுங்கள். பதில் வாய்மொழியாக வந்தால் போதாது. நில வகை மாற்றத்தோடு கம்பெனி எழுதிக்கொடுக்கும் நிபந்தனைகளை அங்கே ‘ப்ராஃபர்’ என்பார்கள். அதில் ஏறினால்தான் நிலம் கைமாறினாலும் அது கட்டுப்படுத்தும்.

கிணற்றைப் பற்றி: மாநிலச் சட்டமன்றத்தின் ஆய்வுக் குழு 2024 டிசம்பரில் கொடுத்த அறிக்கைப்படி, வர்ஜீனியாவின் பெரும்பாலான டேட்டா சென்டர்கள் ஒரு பெரிய அலுவலகக் கட்டடம் அளவோ அதற்கும் குறைவாகவோதான் தண்ணீர் எடுக்கின்றன. ஆனால் சில மிக அதிகமாக எடுக்கின்றன. உங்கள் எதிரே வருவது எந்த வகை, தண்ணீர் குழாயிலா, சுத்திகரித்த கழிவுநீரிலா, ஆழ்துளைக் கிணற்றிலா என்று கேளுங்கள். பதில் எதுவானாலும், மண் தோண்டுவதற்கு முன்பே உங்கள் கிணற்றின் நீர்மட்டத்தை அளந்து, தண்ணீரின் தரத்தை ஆய்வகத்தில் சோதித்துத் தேதியோடு அறிக்கை வாங்கி வையுங்கள். நாளைக்குக் கலங்கலாக வந்தால், முன்பு எப்படி இருந்தது என்பதற்கு அந்தத் தாள் ஒன்றுதான் சாட்சி.

தண்ணீரைவிட மின்சாரத்தைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன். வளாகத்துக்கு உயர் அழுத்தக் கம்பி வந்தால் அதன் பாதையை முடிவு செய்வது கவுண்டி அல்ல, ரிச்மண்டில் இருக்கும், மின் நிறுவனங்களை மேற்பார்வையிடும் மாநிலக் கார்ப்பரேஷன் கமிஷன். அதற்குத் தனி விண்ணப்பம், தனி விசாரணை. கவுண்டி கூட்டத்தோடு வேலை முடிந்தது என்று ஊர் அசந்திருக்கும்போது அந்தக் கம்பி உங்கள் மூன்று ஏக்கர் மேலேயே போகக்கூடும். ஜெனரேட்டர் புகைக்கான அனுமதியும் இப்படியே, மாநிலச் சுற்றுச்சூழல் துறையிடம்.

போர்டு ஓட்டுப் போட்டு அனுமதி கொடுத்துவிட்டால், வழக்குப் போட 30 நாள்தான். ஓட்டு நடக்கும் நாளிலிருந்து கணக்கு. போர்டின் முடிவு வந்த பிறகு வக்கீலைத் தேட ஆரம்பித்தால் அந்த நாட்கள் கரைந்துவிடும். நில உபயோக வழக்குகள் நடத்தும் ஒருவரை விசாரணைக்கு முன்பே அக்கம்பக்கத்தார் சேர்ந்து பார்த்துவிடுங்கள். கோப்பு, கத்தரிப்பு, போட்டோ, கிணற்று அறிக்கை எல்லாவற்றையும் அப்போதே அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.