கேள்வி பதில்: எட்டு வருஷம் நடந்த ஈரான் - ஈராக் போர்

சார், ஈரானும் ஈராக்கும் எட்டு வருஷம் அடிச்சுக்கிட்டாங்களே, அப்படி என்னதான் தகராறு? கடைசில ஜெயிச்சது யாரு?
- வாசகர், தேனி

யாரும் ஜெயிக்கல. தகராறுன்னு பாத்தா முதல்ல வர்றது ஷத் அல் அரப் ஆறு. டைக்ரிஸும் யூப்ரடிஸும் ஒண்ணா சேர்ந்து வளைகுடாவுல விழுற கடைசித் துண்டு அது, ஈராக்கோட பாஸ்ரா துறைமுகத்துலேர்ந்து கப்பல் கடலுக்குப் போறது இது வழியாதான், ஈரானோட கோரம்ஷஹர் துறைமுகமும் அபாதான் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையும் இதே ஆத்து ஓரத்துலதான். 1975ல அல்ஜீரியா தலைநகர் அல்ஜியர்ஸ்ல ஈரான் மன்னர் ஷாவும், அப்போ ஈராக் துணை அதிபரா இருந்த சதாம் உசேனும் ஒரு உடன்பாட்டுக்கு வந்தாங்க. எல்லைக்கோடு ஆத்தோட நடு ஆழத்துல போகும், பதிலுக்கு ஈராக்குல சண்டை போட்டுட்டிருந்த குர்து இனத்தாருக்கு ஷா உதவி பண்றதை நிறுத்திக்கணும். பிறகு 1979ல ஈரான்ல புரட்சி வந்து ஷா ஓடிட்டாரு, மதத்தலைவர் கோமேனி ஆட்சிக்கு வந்தாரு, தன்னை மாதிரியே ஷியா பிரிவு முஸ்லிம்களா ஈராக்குல இருக்கறவங்களைப் பாத்து நீங்களும் எழுந்திரிங்கன்னு பேச ஆரம்பிச்சாரு, அது சதாமுக்கு நேரடி மிரட்டல். இன்னொரு பக்கம் ஈரான் ராணுவத்துல பெரிய அதிகாரிகள் பல பேரை புரட்சிக்காரங்க கொன்னுட்டாங்க, சிறைல போட்டாங்க, படையே சிதறிக் கிடந்துச்சு. இப்ப அடிச்சா சீக்கிரம் முடிச்சிடலாம்னு சதாம் கணக்குப் போட்டாரு. 1980 செப்டம்பர் 17ல ஒப்பந்தம் செல்லாதுன்னு அறிவிச்சாரு, 22ஆம் தேதி படையை உள்ள அனுப்பிட்டாரு.

1988 ஆகஸ்ட்ல சண்டை நின்னப்ப எல்லை எங்க இருந்துச்சோ கிட்டத்தட்ட அங்கயேதான் நின்னுச்சு. குவைத்துக்குள்ள புகுந்து உலகமே எதிர்த்து நின்னப்ப, 1990ல அதே 1975 ஒப்பந்தத்தையே ஒத்துக்கறேன்னு சதாமே ஈரானுக்கு கடிதம் எழுதினாரு. இதுக்காக செத்தது ரெண்டு பக்கமும் சேர்த்து பல லட்சம் பேர்.

அண்ணே, நடுவுல நிறுத்த வாய்ப்பே வரலையா?
- வாசகி, திண்டுக்கல்

வந்துச்சும்மா. அதை நினைச்சாதான் வயிறு எரியுது. 1982 மே 24ல கோரம்ஷஹரை ஈரான் திரும்பப் பிடிச்சிடுச்சு, அடுத்த மாசமே சதாம் படையைத் திரும்பக் கூப்பிடறேன், சண்டையை நிறுத்திக்கலாம்னு இறங்கி வந்தாரு. ஈரான் பறிபோன மண்ணை பெரும்பாலும் மீட்டாச்சு, யார் முதல்ல அடிச்சாங்கன்னு உலகத்துக்கே தெரியும், நியாயம் முழுக்க அவங்க பக்கம் இருந்த நேரம் அது, அங்கேயே முடிச்சிருக்கலாம். ஆனா சதாம் பதவி போகணும், நஷ்டஈடு வரணும்னு நின்னு, ஜூலைல பாஸ்ராவை நோக்கி ஈரான் ஈராக்குக்குள்ள நுழைஞ்சுது. அதுக்கப்புறம் ஆறு வருஷம். பஸீஜ்னு ஒரு தொண்டர் படை, அதுல மீசை முளைக்காத பசங்க நிறைய, அலை அலையா கண்ணிவெடி வயல்லயும் மெஷின்கன் எதிர்லயும் ஓடி செத்தாங்க. ஆரம்பிச்ச பாவம் சதாமுக்கு, அதுல மாத்துக் கருத்தே இல்ல, ஆனா 1982க்கு அப்புறம் போன உயிர்களுக்கு ஈரான் அரசும் பதில் சொல்லியாகணும்னுதான் நான் நினைக்கிறேன். 1987 ஜூலைல ஐ.நா. பாதுகாப்பு சபை 598ஆம் தீர்மானம் போட்டு நிறுத்துங்கன்னுச்சு, ஒரு வருஷம் கழிச்சுதான் கோமேனி ஒத்துக்கிட்டாரு, விஷத்தைக் குடிக்கிற மாதிரி இருக்குன்னு அவரே சொன்னாரு.

விஷவாயு போட்டது நிஜமா? உலகம் ஏன் சும்மா இருந்துச்சு?
- வாசகர், நாகர்கோவில்

நிஜம். 1984லயே ஐ.நா. அனுப்புன நிபுணர்கள் ஈரானுக்குப் போய் காயம்பட்டவங்களைப் பாத்து மஸ்டர்ட் கேஸ், டாபூன்னு ரெண்டு விஷ ரசாயனத்தையும் போட்டது நிஜம்னு உறுதி பண்ணாங்க. பாதுகாப்பு சபை கண்டனம் தெரிவிச்சுது, ஆனா அதுல ஈராக்கோட பேரே இல்ல, பேரைச் சொல்ல 1986 ஆயிடுச்சு. இந்த ரெண்டு வருஷ மௌனம் சதாமுக்கு என்ன பாடம் சொல்லிக் குடுத்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. 1987 ஜூன்ல சர்தஷ்த்ங்கற ஈரான் ஊர் மேல போட்டாங்க, அங்க இருந்தது சாதாரண ஜனங்க. 1988 மார்ச் 16ல ஹலப்ஜா, அது ஈராக்குக்குள்ளயே இருக்க குர்து ஊர், தன் நாட்டு மக்கள் மேலயே போட்டாங்க, சுமார் 5000 பேர் செத்தாங்க, குழந்தையைக் கட்டிப் பிடிச்சபடி தெருவுல கிடந்தவங்க படம் உலகம் முழுக்கப் போச்சு. அதுக்கப்புறமும் அமெரிக்க வெளியுறவுத் துறை இதுல ஈரானுக்கும் பங்கு இருக்கலாம்னு சொல்லிட்டிருந்துச்சு.

ஏன்னு கேட்டீங்கன்னா, ஈரான் ஜெயிச்சிடக் கூடாதுன்னு எல்லாருக்கும் பயம். சோவியத் டாங்கி குடுத்துச்சு, பிரான்ஸ் விமானம் குடுத்துச்சு, சவுதியும் குவைத்தும் கடன் குடுத்தாங்க, விஷவாயுவுக்கான ரசாயனமும் கருவியும் மேற்கு ஜெர்மனி மாதிரி நாட்டுக் கம்பெனிகள்ட்டேர்ந்து போச்சு. அந்த வாயுவை சுவாசிச்சவங்க ஈரான்ல ரொம்பப் பேர் பல வருஷம் கழிச்சும் நுரையீரல் வியாதியோடதான் வாழ்ந்தாங்க.

அமெரிக்கா யார் பக்கம் சார்?
- வாசகர், சேலம்

பெரும்பாலும் ஈராக் பக்கம், உளவுத் தகவல் கூட குடுத்தாங்க. ஆனா அதே நேரம் திருட்டுத்தனமா ஈரானுக்கும் ஏவுகணை வித்தாங்க, 1986ல அது வெளிய வந்து அதிபர் ரீகன் அரசுக்குப் பெரிய தலைகுனிவு.

பயணிகள் விமானத்தைச் சுட்டது தெரியாம நடந்ததா?
- வாசகி, காரைக்குடி

1988 ஜூலை 3. பந்தர் அப்பாஸ்லேர்ந்து துபாய்க்குப் போன ஈரான் ஏர் 655, ஏர்பஸ் விமானம். வின்சென்ஸ்ங்கற அமெரிக்கப் போர்க்கப்பல் அன்னிக்குக் காலைல ஈரான் படகுகளோட சண்டைல இருந்துச்சு, மேல வந்த விமானத்தைப் போர் விமானம்னு நினைச்சு ரெண்டு ஏவுகணை விட்டாங்க. 290 பேரும் போயிட்டாங்க, அதுல 66 குழந்தைங்க, 10 பேர் இந்தியர்கள். தெரிஞ்சே சுட்டாங்கன்னு நான் சொல்லமாட்டேன். ஆனா கப்பல்ல இருந்தவங்க விமானம் கீழ இறங்கி வருதுன்னு நம்புனாங்க, அது நிஜத்துல மேல ஏறிட்டிருந்துச்சு, கப்பலோட கருவியே அப்படித்தான் பதிவு பண்ணியிருந்துச்சு, கப்பலும் அந்த நேரம் ஈரான் கடல் எல்லைக்குள்ளதான் நின்னுச்சு. இவ்வளவு கவனக்குறைவை வெறும் விபத்துன்னு தள்ளிவிட முடியாது. கேப்டனுக்கு 1990ல பதக்கம் குடுத்தாங்க. 1996ல செத்தவங்க குடும்பங்களுக்கு 6 கோடியே 18 லட்சம் டாலர் குடுக்க ஒத்துக்கிட்டாங்க, சட்டப்படி தப்பு எங்களோடதுன்னு மட்டும் ஒத்துக்கல.

நம்ம நாடு என்ன பண்ணுச்சு?
- வாசகர், கும்பகோணம்

ரெண்டு பேர்ட்டயும் எண்ணெய் வாங்குற நாடு, அதனால எந்தப் பக்கமும் சாயல. இன்னொரு விஷயம், அணிசேரா நாடுகளோட ஏழாவது மாநாடு 1982ல ஈராக் தலைநகர் பாக்தாத்துலதான் நடக்க வேண்டியது, போர் நடக்குற ஊர்ல எப்படி நடத்தறதுன்னு டெல்லிக்கு மாத்தி 1983 மார்ச்ல நடத்தினாங்க, இந்திரா காந்திதான் தலைமை. போரை நிறுத்தச் சொல்லி அங்க ரெண்டு நாட்டுக்கும் வேண்டுகோள் வச்சாங்க, ரெண்டும் கேக்கல.